கல்யாணப் பத்திரிகையில் வெட்டிய பேக்கிங்

மார்ச் 10, திங்கள்

இதை எடுத்துப் படிப்பவர் யாராக இருந்தாலும் சரி, தயவுசெய்து யாரிடமும் காட்டாதீர்கள். எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். முக்கியமாக அப்பாவிடம் கொடுத்துவிடாதீர்கள். கொடுத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். பொங்கல் முடிந்த வாரம் அக்காவின் துணிகளைக் கொல்லையில் குவித்து அவர் எரித்தபோது, மண்ணெண்ணெய் கேனை எடுத்து வந்து கொடுத்தவளே நான்தான்.

என் பெயர் கோபிகா. துறையூரில் பத்தாம் வகுப்பு படிக்கிறேன். மாதக் கடைசியில் பரீட்சை. வருகிற ஞாயிற்றுக்கிழமை எனக்குக் கல்யாணம்.

அந்த வரியை எழுதிவிட்டுத் திரும்பப் படித்தேன். எழுத்தில் பார்த்தால் வேறு யாருக்கோ நடப்பது போல இருக்கிறது.

மாப்பிள்ளை தனபால் மாமா. அம்மாவின் கூடப்பிறந்த தம்பி. வயது முப்பத்திரண்டு. நான் வயதுக்கு வந்தபோது பச்சை ஓலை வெட்டி வந்து குடிசை கட்டியவர், சீர்த்தட்டோடு வந்தவர். அன்றைக்கே எல்லாரும் "உரிமைக்காரன் வந்துட்டான்" என்று சொல்லிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். புதுத் தாவணி கட்டியிருந்ததால் அன்றைக்கு எனக்கு எல்லாமே சிரிப்பாக இருந்தது.

அக்கா ஜீவிதா பஸ் ஸ்டாண்ட் பக்கத்து ஒர்க் ஷாப்பில் வேலை செய்த சார்லஸ் அண்ணாவோடு போனதிலிருந்து அப்பா தெருவில் யாரோடும் பேசுவதில்லை. வீட்டில் பேசுவது ஒன்றுதான்: "ஒருத்தி போனது போதும்."

இன்று காலை முன்வாசல் நிலையில் அப்பா வேப்பிலைக் கொத்து கட்டினார். எனக்கு அம்மை போட்டிருக்கிறது என்று பள்ளிக்கூடத்துக்குப் போன் செய்து சொல்லிவிட்டார். வேப்பிலை கட்டிய வாசலுக்குள் யாரும் வரமாட்டார்கள் அல்லவா? டீச்சர் வரமாட்டார், சிநேகிதிகள் வரமாட்டார்கள்.

அம்மா கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். "அம்மன வச்சுப் பொய் சொல்லாதீங்க. கண்ணவிஞ்சு போயிடும்."

"மூத்தவ ஓடுனப்ப உன் அம்மன் எங்க போயிருந்தா?" என்றார் அப்பா, முடிச்சை இறுக்கிக்கொண்டே.

அதற்குப் பிறகு காரை எடுத்தார். எங்கள் கார் பழைய அம்பாசிடர். இருபது வருடம் டாக்சியாக ஓடியது. அக்கா போனதிலிருந்து அப்பா சவாரிக்குப் போகாமல், அது கொட்டகையிலேயே நிற்கிறது. ஸ்டார்ட் செய்ததும் அரவை மிஷின் போலச் சத்தம் வந்தது. அடியில் தண்ணீர் ஒழுகி மண் சேறாகிவிட்டது.

"வாட்டர் பம்ப் போயிடுச்சு" என்றார்.

அந்தப் பம்ப்தான் ரேடியேட்டர் தண்ணீரை எஞ்சினுக்குள் சுற்றி ஓடவிடுகிறதாம். அது இல்லாமல் வண்டி ஐந்து கிலோமீட்டர் போனாலே கொதித்துவிடுமாம். குலதெய்வம் கோயில் பெரம்பலூர் தாண்டி இருக்கிறது. ஒர்க் ஷாப்புக்கு அப்பா போகமாட்டார். அங்கே இருப்பவர்கள் எல்லாரும் சார்லஸ் அண்ணாவின் கூட்டாளிகள். வாடகைக் கார் வைக்கலாமே என்று அம்மா கேட்டதற்கு, "டிரைவர் வாய் சும்மா இருக்குமா? பதினஞ்சு வயசுப் புள்ளைய மாலையோட ஏத்திட்டுப் போறாங்கன்னு எவனாவது ஒரு போன் போட்டா முடிஞ்சுது கதை" என்றார். நானே சரிபண்ணிடுவேன் என்றார். ஞாயிற்றுக்கிழமை தவறினால் அடுத்த முகூர்த்தம் சித்திரைக் கடைசியில்தான் என்று ஜோசியர் சொல்லியிருக்கிறார்.

சித்திரைக் கடைசிக்குள் பரீட்சை முடிந்துவிடும். அதற்குள் என்னென்னவோ நடக்கலாம்.

கடவுளே, அந்தப் பம்ப் சரியாகவே கூடாது.


மார்ச் 11, செவ்வாய்

இன்று முழுவதும் நான் டார்ச் பிடித்தேன்.

பேனட்டைத் திறந்து, குச்சி முட்டுக்கொடுத்து, அப்பா தலையை உள்ளே விட்டுக்கொண்டார். நான் மட்கார்டு பக்கம் நின்று வெளிச்சம் காட்ட வேண்டும். அவர் தலை போகிற இடத்துக்கு வெளிச்சம் முன்னாலேயே போயிருக்க வேண்டும். எனக்கு எப்படித் தெரியும்?

"லைட்ட எங்கடி காட்டுற? என் மூஞ்சியிலயா இருக்கு பம்ப்?"

கீழே காட்டினேன்.

"அது சேஸ். அதுல நம்பரா படிக்கப் போற? மேல. மேல! வலது பக்கம். உன் வலது இல்ல, என் வலது."

ரேடியேட்டரின் அடிக் குழாயைத் திறந்ததும் டீத்தண்ணீர் நிறத்தில் வந்தது. ரேடியேட்டருக்கென்று கடையில் விற்கிற பச்சை நிறக் கூலன்ட்டை அப்பா ஒருநாளும் ஊற்றியதில்லை. "எஞ்சினுக்குத் தாகம் எடுத்தா தண்ணி குடுத்தா போதும், ஜூஸா வேணும்?" என்பார். எங்கள் தெரு போர் தண்ணீர் உப்பு. குடத்தின் அடியில் ஒரே வாரத்தில் வெள்ளையாகப் படியும். இருபது வருடமாக அதைத்தான் ஊற்றினார்.

ஃபேனைக் கழற்றினார், பெல்ட்டைக் கழற்றினார். பம்ப்பின் போல்ட்டுகள் துருப்பிடித்து இறுகியிருந்தன. ஒன்றுக்காக அரைமணி நேரம் ஸ்பேனரில் தொங்கினார். விரல் முட்டி கிழிந்து ரத்தம் வந்தது. நான் அந்த போல்ட்டைப் பார்த்து மனதுக்குள் சொன்னேன்: விட்டுக்கொடுக்காதே. அது விட்டுக்கொடுத்துவிட்டது.

அம்மா டீ கொண்டுவந்தாள். "ஏங்க, ஞாயித்துக்கிழமைக்கு வண்டி ஓடிரும்ல?"

"ஓடும், ஓடும்."

மத்தியானம் சோறு போடும்போது மறுபடி: "ஏங்க, பம்ப் கெடைக்கலன்னா என்ன பண்றது? திருச்சியில கெடைக்கும்ல?"

சாயந்திரம் மூன்றாவது முறை கேட்டாள். அப்பாவே எரிச்சலாகி, "உன் தம்பிக்கு நீ பறக்கிற பறப்பு அவனே பறக்கமாட்டான் போல" என்றார்.

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நான் அவளைப் பார்க்கவில்லை. இனிமேல் பார்க்கவும் மாட்டேன். அப்பாவாவது கோபத்தில் செய்கிறார். அவளுக்கு என்ன வந்தது?

பம்ப் கழன்று வந்தது. உள்ளே தண்ணீரைத் தள்ளுகிற இரும்பு இதழ்கள் சொத்தைப் பல் மாதிரி அரித்துப்போயிருந்தன. அப்பா அதைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்னமா தின்னு வச்சிருக்கு பாரு" என்றார். எது தின்றது என்று அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

என் ஜாமெட்ரி பாக்ஸைக் காணவில்லை. அறிவியல் புத்தகத்தையும் காணவில்லை. அம்மாவிடம் கேட்டதற்கு, "அதெல்லாம் இப்ப எதுக்கு உனக்கு?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பழைய பேப்பர்காரனிடம் போட்டிருப்பாள்.


மார்ச் 12, புதன்

அப்பா பம்ப் வாங்கத் திருச்சிக்குப் போனார். முன்கதவை வெளியே பூட்டிக்கொண்டு போனார். அம்மாவின் போனும் அவர் சட்டைப் பையில்தான் இருக்கிறது. கொல்லைக் கதவு திறந்திருந்தது, ஆனால் கொல்லையைச் சுற்றி ஆளுயரத்துக்கு மேலே சுவர்.

நாலரை மணிக்கு ஷாகிராவின் சைக்கிள் மணி கேட்டது. என் பக்கத்து பெஞ்ச். நடுத்தெருவிலேயே நின்று கூப்பிட்டாள்.

"ஆன்ட்டி! கோபிக்கு எப்படி இருக்கு?"

நான் ஜன்னலுக்கு ஓடினேன். வாயைத் திறப்பதற்குள் அம்மா பின்னாலிருந்து என் வாயைப் பொத்திவிட்டாள். ஒரு கையால் என்னைச் சுவரோடு அழுத்திக்கொண்டு, ஜன்னல் கதவுக்குப் பின்னாலிருந்தே பேசினாள்.

"இன்னும் தண்ணி ஊத்தலம்மா. கிட்ட வராத. உனக்கு ஒட்டிக்கும்."

"கணக்கு நோட்டு கொண்டாந்தேன் ஆன்ட்டி."

"கேட்டுல வச்சுட்டுப் போம்மா. தங்கமில்ல."

அம்மாவின் கையைக் கடித்தேன். அவள் கையை எடுக்கவே இல்லை. சைக்கிள் சத்தம் தெருமுனை திரும்பும்வரை எடுக்கவில்லை. அதற்குப் பிறகு கையைப் பார்த்தேன், பல் பதிந்திருந்தது. அவள் மஞ்சள் வைத்துக்கொண்டாள்.

சாயந்திரம் அவள் கொல்லையில் துவைக்கிற கல்மேல் ஏறி, சுவருக்கு அந்தப் பக்கம் பின்வீட்டு சகுந்தலா அக்காவோடு கிசுகிசுவென்று பேசிக்கொண்டிருந்தாள். நான் போனதும் இறங்கிவிட்டாள். ஊருக்கெல்லாம் அம்மை என்று சொல்லிவிட்டு அவளிடம் மட்டும் கல்யாணப் பெருமையா?


மார்ச் 13, வியாழன்

இன்று மாட்டிக்கொள்ள இருந்தேன்.

புதுப் பம்ப் வந்துவிட்டது. வெள்ளையாகப் பளபளவென்று, பாத்திரக்கடைச் சாமான் மாதிரி இருக்கிறது. அதை எஞ்சினோடு சேர்த்து முடுக்கும்போது இடையில் ஒரு காகிதம் வைக்க வேண்டும். அதன் பெயர் பேக்கிங். இரண்டு இரும்பும் சேர்கிற இடத்தில் தண்ணீர் கசியாமல் அது அடைக்கும். பம்ப்போடு ஒன்று கொடுத்திருந்தார்கள். பஸ் கூட்டத்தில் மடங்கி, அப்பா பிரித்தபோது இரண்டாகக் கிழிந்து வந்தது.

பம்ப் கடைக்காரனை, பஸ் கண்டக்டரை, பக்கத்தில் உட்கார்ந்து வந்த ஒரு பெரியவரை எல்லாம் அப்பா திட்டி முடித்தார். பிறகு, "விடு. கெட்டி அட்டையில வெட்டிக்கலாம். அந்தக் காலத்துல எல்லாம் கல்யாணப் பத்திரிகையிலதான் வெட்டுவோம். பரண்மேல பை இருக்குல்ல?" என்று சொல்லிவிட்டு ஸ்டூலை இழுத்தார்.

வீட்டுக்கு வந்த பத்திரிகைகளை எல்லாம் அம்மா ஒரு மஞ்சள் பையில் போட்டுப் பரணில் வைத்திருக்கிறாள். பிள்ளையார் படம் இருப்பதால் குப்பையில் போடமாட்டாள். இந்த நோட்டை நான் ஒளித்து வைத்திருந்தது அந்தப் பையில்தான்.

"நான் எடுக்கறேன்ப்பா!" என்று கத்திவிட்டேன்.

அப்பா ஸ்டூல்மேல் ஒரு காலை வைத்தபடி திரும்பிப் பார்த்தார். "எதுக்குடி இந்தக் கத்து?"

"உங்களுக்குக் கையெல்லாம் கிரீஸ். பத்திரிகையெல்லாம் அழுக்காயிடும். அம்மா திட்டுவா."

ஒரு நிமிஷம் என்னையே பார்த்தார். பிறகு இறங்கிவிட்டார். "பொறுப்பு வந்துருச்சு புள்ளைக்கு" என்று அம்மாவைப் பார்த்துச் சொன்னார். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள், தலை நிமிரவில்லை.

பரணில் ஏறி நோட்டைப் பாவாடைக்குள் செருகிக்கொண்டேன். பையில் நல்ல கெட்டி அட்டைகள் எத்தனையோ இருந்தன. ஒரு நகைக்கடைக்காரர் வீட்டுப் பத்திரிகை செருப்புத் தோல் மாதிரி கெட்டியாக இருந்தது. நான் எடுத்துக்கொண்டு இறங்கியது வேறு. மேலே பளபளப்பு, உள்ளே சாதாரணக் காகிதம் ஒட்டியது. கையில் பிடித்தால் ஒன்றுபோலத்தான் தெரியும்.

அப்பா அதைப் பம்ப்பின் வாய்மேல் வைத்து, ஓரத்தை எல்லாம் சுத்தியலின் உருண்டைப் பக்கத்தால் லேசாகத் தட்டினார். இரும்பின் விளிம்பே அட்டையை வெட்டியது. அழகாக அச்சு விழுந்தது. உள் ஓட்டையையும் போல்ட் ஓட்டைகளையும் மட்டும் பிளேடால் எடுக்க வேண்டும். அவருக்குக் கிட்டத்துப் பார்வை சரியில்லை.

"நீ வெட்டு. மெதுவா. கோணலாப் போச்சுன்னா ஒழுகும்."

அம்மாவின் தையல் டப்பாவிலிருந்து பிளேடு எடுத்தேன். தண்ணீர் போகிற பெரிய ஓட்டை பத்திரிகையின் நடுவில் வந்தது. மணமகன் பெயரும் மணமகள் பெயரும் வட்டமாகக் கழன்று என் மடியில் விழுந்தன. போல்ட் ஓட்டைகளையும் எடுத்தேன். பிறகு அட்டையைத் திருப்பி வைத்துக்கொண்டேன். அடிப்பக்கம், உள் ஓட்டையிலிருந்து வெளி விளிம்புவரை, பிளேடு கொஞ்சம் வழுக்கியது. முழுக்கப் போகவில்லை. பாதி ஆழம்தான். அப்பா அப்போது கை கழுவப் போயிருந்தார்.

வழுக்கியது என்றே இருக்கட்டும்.

அதன்மேல் கிரீஸைத் தடவிக் கொடுத்தேன். அவர் வாங்கிப் பார்த்து, "சபாஷ்" என்றார்.

பழைய பம்ப்பைப் புதுப் பெட்டியில் போட்டுப் பரணில் தூக்கி வைத்திருக்கிறார். இந்த நோட்டு இப்போது அதற்கு அடியில் இருக்கிறது.


மார்ச் 14, வெள்ளி

ஒழுகவில்லை.

பம்ப்பை முடுக்கி, பெல்ட் போட்டு, இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினார். அதே போர் தண்ணீர். அரைமணி நேரம் எஞ்சின் ஓடியது. நான் மண்டியிட்டு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒரு சொட்டு இல்லை.

"என்ன டார்ச் மின்மினிப்பூச்சி மாதிரி எரியுது? போன வாரம்தானே பேட்டரி போட்டேன்?" என்றார் அப்பா.

"வீக் பேட்டரியாயிருக்கும்ப்பா" என்றேன். தினமும் ராத்திரி நான் எழுதுவது அந்த டார்ச் வெளிச்சத்தில்தான்.

அப்பாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பரோட்டா வாங்கிவந்தார், எனக்குத் தனியாக ஒரு முட்டை பரோட்டா. சாப்பிடும்போது என் கையைத் தூக்கி அம்மாவிடம் காட்டினார். "இந்தக் கை இருக்கே, மெக்கானிக் கை. ஜீவிதாவுக்கெல்லாம் ஸ்க்ரூவ எந்தப் பக்கம் திருப்பணும்னே தெரியாது." சொன்ன பிறகுதான் அவருக்கே தெரிந்தது. அக்காவின் பெயரை இரண்டு மாதம் கழித்துச் சொல்லியிருக்கிறார். எழுந்துபோய்க் கை கழுவிவிட்டார். பாதி பரோட்டா இலையிலேயே இருந்தது.

இப்படி ஒருநாள் பரோட்டாவும் வாங்கிக் கொடுக்காமல் இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும்.

அம்மா சிரித்தாள். அக்கா போனபிறகு இன்றுதான் சிரித்துப் பார்க்கிறேன். "அப்போ வண்டி ரெடி" என்று இரண்டு தடவை சொன்னாள். பிறகு பூவைப் பற்றி ஆரம்பித்தாள்.

"ஏங்க, பூவ பெரம்பலூர்ல வாங்கிக்கலாம். பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ல."

"ஏன், துறையூர்ல பூ பூக்கறதில்லையா?"

"இங்க வாங்குனா எதுக்குன்னு கேப்பாங்க. வீட்டுல அம்மை, கையில முழம் முழமாப் பூவா?"

அப்பா யோசித்தார். "சரி."

"பத்து நிமிஷம் நிறுத்துங்க, போதும். நானும் கோபியும் எறங்கி வாங்கிட்டு வந்துர்றோம்."

"நான் எறங்க மாட்டேன்" என்றேன். "என் கல்யாணத்துக்கு நானே பூ வாங்கணுமா?"

அப்பா தலையைத் திருப்பிய நேரத்தில் அம்மா என் தொடையில் கிள்ளினாள். இன்னும் சிவந்திருக்கிறது. "எறங்குவ" என்றாள். அவ்வளவு மெதுவாகச் சொன்னாள், அவ்வளவு வெறியாகவும் சொன்னாள்.

தம்பிக்காக இவ்வளவா?

ஒழுகு. தயவுசெய்து ஒழுகு.


மார்ச் 15, சனி

ஒழுகிவிட்டது. நிதானமாக எழுதுகிறேன். நேரம் இருக்கிறது. எவ்வளவு என்று தெரியாது.

காலையில் அப்பா டீசல் போட்டு, காற்றுப் பிடித்துக்கொண்டு, கொஞ்சதூரம் ஓட்டிப் பார்த்துவிட்டு வருவதாகப் போனார். பத்து மணிக்குப் போனவர் ஒரு மணிக்கு வந்தார். முன்னால் ஒரு டிராக்டர், பின்னால் கயிற்றில் எங்கள் கார். ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி அப்பா உட்கார்ந்திருந்தார், பிணத்தோடு வண்டியில் வருகிறவர் மாதிரி. டிராக்டர்காரன் வேப்பிலையைப் பார்த்ததும் கேட்டுக்கு வெளியிலேயே கயிற்றை அவிழ்த்துக்கொண்டு போய்விட்டான். அப்பாவும் நானும் அம்மாவும்தான் உள்ளே தள்ளினோம்.

நடந்தது இதுதான். பெரம்பலூர் ரோட்டில் நல்ல வேகத்தில் போகும்போது எஞ்சின் சூடாகி, தண்ணீரின் அழுத்தம் ஏறி, பேக்கிங் கிழிந்திருக்கிறது. தண்ணீர் முழுவதும் கீழே போய்விட்டது. சூட்டைக் காட்டுகிற முள் அந்தக் காரில் என்றைக்கோ செத்துவிட்டது. புகை வந்தபிறகுதான் அப்பா நிறுத்தியிருக்கிறார். ஆயில் குச்சியை உருவிக் காட்டினார். ஆயிலில் தண்ணீர் கலந்து, பால் ஊற்றின காபி மாதிரி இருந்தது.

"ஹெட் போச்சு" என்றார். "எஞ்சினையே பிரிக்கணும். வீட்டுல முடியாது."

அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. பம்ப்பைக் கழற்றினார். பேக்கிங் கூழாகி வந்தது. விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்து, "மட்ட அட்டை. வெளியில மட்டும் மினுக்கு. எவன் வீட்டுப் பத்திரிகைடி இது?" என்றார்.

"தெரியலப்பா."

"இவன் வீட்டுக்கெல்லாம் மொய் வேற வச்சிருப்பேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. சத்தியமாக வந்தது. கொல்லைக்கு ஓடிப்போய் முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டேன். சித்திரைக் கடைசி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஷாகிராவின் கணக்கு நோட்டை நாளைக்கே எடுத்துப் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். அந்த ஒரு மணி நேரம்தான் இந்த வாரத்தில் நான் நன்றாக இருந்த நேரம்.

மூன்று மணிக்கு அப்பா தனபால் மாமாவுக்குப் போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டிருந்தார்.

"மாப்ள, வண்டி மண்டையப் போட்டுருச்சு. நாளைக்கு வர முடியாது போல."

"அதுக்கா மச்சான் இப்படி உடைஞ்சு பேசறீங்க?" மாமா சிரித்தார். "பொண்ணு வீட்டு வண்டியில வரணும்னு நீங்கதான் கௌரவம் பார்த்தீங்க. நான் கூட்டாளியோட வேன எடுத்துட்டு விடியறதுக்குள்ள வந்துர்றேன். ஊரு முழிக்கறதுக்குள்ள ஏத்திட்டு வந்துரலாம். கோயில்ல ஐயருக்கெல்லாம் சொல்லியாச்சு."

"கூட்டாளி வெளிய சொல்லமாட்டான்ல?"

"அவனுக்கும் இப்படித்தான் மச்சான் ஆச்சு. கோபி இருக்காளா பக்கத்துல? என்னம்மா, மாமா வந்து கூட்டிட்டுப் போறேன், சரியா?"

அவ்வளவுதான். கார் ஒரு பொருட்டே இல்லை. ஒரு வாரம் நான் காரோடு சண்டை போட்டிருக்கிறேன்.

அடுப்படிக்குள் போனேன். அம்மா தரையில் உட்கார்ந்திருந்தாள். அவள் முன்னால் தையல் டப்பா. கையில் பிளேடு. பிளேடில் கறுப்பாகக் கிரீஸ்.

"என்னடி பண்ணி வச்ச?"

நான் பிளேடை வாங்கக் கை நீட்டினேன்.

"உன்னத்தான் கேக்கறேன். வேணும்னுதானே பண்ண?"

"ஆமா. வேணும்னுதான். உன் தம்பியக் கட்டிக்கறதுக்குப் பதிலா நான் செத்துப்போயிருவேன்."

அம்மா வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டு அழுதாள். சத்தமே வரவில்லை, தோள் மட்டும் ஆடியது. பிறகு எழுந்து, கல்யாணத்துக்குக் கட்டி வைத்திருந்த துணிப்பையை இழுத்து வந்து என் முன்னால் வைத்துப் பிரித்தாள். மேலே கூறைப்புடவை. அதற்கு அடியில் என் யூனிபார்ம். அதற்கும் அடியில் அறிவியல் புத்தகம், ஜாமெட்ரி பாக்ஸ், என் ஆதார் கார்டு.

"ஜீவிதா நாளைக்குப் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுல பூக்கடைக்கிட்ட நிக்கறதா இருந்தா. சார்லஸும் அவனோட பழக்கமான ஒரு வக்கீலம்மாவும் கூட வர்றதா இருந்தாங்க. பூ வாங்கற சாக்குல உன்ன அவங்க கையில குடுத்துட்டு, நான் மட்டும் கார்ல ஏறிக்கலாம்னு இருந்தேன். சகுந்தலா போன்லதான் எல்லாம் பேசினேன்."

ஜாமெட்ரி பாக்ஸை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"எங்கிட்ட ஏம்மா சொல்லல?"

"உன் மூஞ்சி ஒண்ணையும் மறைக்காதுடி. சாப்பாட்டுல உப்பு இல்லன்னா தெருவுக்கே தெரியும் உன் மூஞ்சியப் பாத்தா. அப்பா கண்டுபுடிச்சிருவாருன்னு பயந்தேன்."

ஒரு வாரம் அவரோடு தோளோடு தோள் நின்று டார்ச் பிடித்தேன். அவர் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. அம்மாவும் கண்டுபிடிக்கவில்லை. அம்மாவுடையதை நான் கண்டுபிடிக்கவில்லை.

"ஷாகிரா வந்தப்ப ஏன் வாயைப் பொத்துன?"

"நீ கத்தி, அது அப்பா காதுக்குப் போயிருந்தா, அன்னைக்கு ராத்திரியே உன்ன வேன்ல தூக்கிட்டுப் போயிருப்பாங்க. நடந்து போலாமுன்னாலும் பஸ் ஸ்டாண்டு போறதுக்குள்ள நூறு பேரு உங்கப்பாவுக்குத் தெரிஞ்சவங்க. அவங்கள இங்க வரச் சொல்லி உங்கப்பா கண்ணுல பட்டா வெட்டிப்புடுவாரு. கார் ஒண்ணுதான் இருந்துச்சு, கோபி. அந்தக் கார் ஒண்ணுதான்."

அவள் கையில் நான் கடித்த இடம் இன்னும் நீலமாக இருக்கிறது. அதைத் தொட்டேன். அவள் கையை இழுத்துக்கொண்டு எழுந்து, சோறு வடிக்கப் போய்விட்டாள். அப்பாவுக்கு எட்டு மணிக்குச் சாப்பாடு போட வேண்டும்.

இருட்டியதும் சகுந்தலா அக்காவின் போனில் அம்மா மறுபடி அக்காவைக் கூப்பிட்டாள். அக்காவும் சார்லஸ் அண்ணாவும் பைக்கில் வருகிறார்கள். பின்சந்து வழியாக, சகுந்தலா அக்கா வீட்டு ஏணியில் சுவரேறி இறங்கி, கொல்லைக் கதவை இரண்டு தட்டு தட்டுவார்கள். மாமாவுக்கு முன்னால் வந்துவிடுவோம் என்று அக்கா சொன்னாளாம். வழியில் பைக் நிற்காமல் இருக்க வேண்டும். வேனும் நிற்காமல்தான் வரும்.

இப்போது நான் அடுப்படியில், கொல்லைக் கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருக்கிறேன். பை மடியில் இருக்கிறது. அம்மா கூடத்தில் அப்பாவின் கட்டிலுக்குக் கீழே பாய் போட்டுப் படுத்திருக்கிறாள், தூங்குகிற மாதிரி. அவள் வளையல்களைக் கழற்றி இங்கே அம்மியின்மேல் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள், சத்தம் கேட்கக்கூடாது என்று. அப்பா குறட்டை விடுகிறார். போல்ட்டில் கிழிந்த விரல் முட்டியில் இன்னும் துணிக்கட்டு இருக்கிறது. அதை நான்தான் கட்டிவிட்டேன்.

கொட்டகையில் கார் திறந்த பேனட்டோடு நிற்கிறது. சார்லஸ் அண்ணா இந்த வீட்டுக்குள் வர முடிந்திருந்தால் அந்தப் பம்ப்பை ஒரு மணி நேரத்தில் மாற்றியிருப்பார்.

திங்கட்கிழமை, யாரிடமும் காட்டாதீர்கள் என்று எழுதியிருந்தேன். அதை அடித்துவிடுங்கள். இந்த நோட்டைப் பையில் எடுத்துப் போகப்போவதில்லை. நான் போய்ச் சேர்ந்துவிட்டால் இது எனக்குத் தேவையில்லை. சேரவில்லையென்றால், இதை எடுத்தவர் காட்டுங்கள். எல்லாரிடமும் காட்டுங்கள். முதலில் எங்கள் கணக்கு டீச்சரிடம் கொண்டுபோய்

தட்டுகிறார்கள்.

என் முதுகில் அதிரவில்லை. இந்தக் கதவு இல்லை. முன்வாசல். ஒரு வாரமாகப் பால்காரர்கூடத் தொடாத கதவு. அம்மை இல்லை என்று தெரிந்தவர்கள்தான் அதைத் தட்டுவார்கள். குறட்டை நின்றுவிட்டது. அம்மா ஏதோ சொல்கிறாள், சத்தமாக, எனக்குக் கேட்கட்டும் என்று. அப்பா லைட்டைப்